பூ வைக்கும் காட்சிக்கு நான் பேசியது

செய்திப்படத்துக்கும் விளக்கப்படத்துக்கும் குரல் கொடுக்க வந்திருக்கிற உங்களில் பாதிப் பேருக்கு என்னைவிட நல்ல தொண்டை. நேற்றுப் பதிவறையில் உட்கார்ந்து கேட்டேன். கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. ஆனால் ஒருவருக்கும் வாய் ஒரு நிமிடம் சும்மா இருக்கவில்லை. படத்தில் ஆறு வந்தால் "இதோ ஆறு" என்கிறீர்கள். மாடு வந்தால் மாடு என்கிறீர்கள். பார்க்கிறவனுக்குக் கண் இல்லையா என்ன?

கோபித்துக்கொள்ள வேண்டாம். நான் உங்களைவிட மோசமாக இருந்தவன். பேசினால் இரண்டு பேருக்குக் குடியிருக்கிற வீடு போய்விடும், பேசாமல் நின்றாலும் போய்விடும் என்ற நிலையில் ஒரு சாயங்காலம் கையில் பிரம்போடு நின்றேன். இந்தத் தொழிலில் எனக்குத் தெரிந்தது எல்லாம் அந்தச் சாயங்காலத்தில் தெரிந்ததுதான். அதைச் சொல்கிறேன்.

அப்போது ஊமைப்படக் காலம் முடிகிற சமயம். பட்டணத்தில் பேசும் படம் வந்துவிட்டது. நாகர்கோவிலைச் சுற்றிக் கொட்டகை போட்டு ஓட்டுகிற எங்களுக்கு இன்னும் ஊமைப்படம்தான் கிடைத்தது. திரைக்குப் பக்கத்தில் நின்று, பிரம்பால் படத்தைச் சுட்டிக் காட்டிக் கதை சொல்வது என் வேலை. கதாநாயகனுக்குக் கனத்த குரல், கதாநாயகிக்கு மெல்லிய குரல், குதிரைக்கும் நான்தான் கனைப்பேன். கருங்கல் சந்தைப் பக்கம் ஒருமுறை வெள்ளைக்காரப் படம் ஓட்டினோம். அதில் ஒரு பெண் மயங்கி விழுந்தாள். எதற்கு விழுந்தாள் என்று எனக்கும் தெரியாது. "பாவம், காலையிலிருந்து பட்டினி" என்று அடித்துவிட்டேன். மறுநாள் சந்தைக்கு வந்த பெண்கள் என்னைப் பிடித்துக்கொண்டு, "அந்தப் பிள்ளை பொறவு வல்லதும் தின்னாளா?" என்று கேட்டார்கள். ஒருத்தி ஒரு சீப்பு ஏத்தன் பழம் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். பழத்தை நான்தான் தின்றேன். என் வாயில் வருவது எவ்வளவு தூரம் போகிறது என்று அன்றைக்கே பயந்திருக்க வேண்டும். பெருமைப்பட்டுக்கொண்டு இருந்துவிட்டேன்.

இன்னொரு வழக்கமும் உண்டு. படம் ஓடும்போது கூட்டத்திலிருந்து யார் வேண்டுமானாலும் கேள்வி கேட்கலாம். "அவன் யாரு?", "இவ எதுக்கு அழுதா?" என்று சத்தமாகக் கேட்பார்கள். நான் அந்த இடத்திலேயே பதில் சொல்லியாக வேண்டும். பதில் வராவிட்டால் விசில் கிளம்பும், மண் பறக்கும்.

எங்கள் கொட்டகையில் படம் ஓட்டுகிற மிஷினைச் சுற்றியவர் ஊரில் ஒரு போட்டோ ஸ்டுடியோவும் வைத்திருந்தார். பெயரைச் சொல்லக்கூடாது என்று என்னிடம் கேட்டுக்கொண்டவர். ஸ்டுடியோக்காரர் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பழைய கேமரா ஒன்றை எங்கிருந்தோ வாங்கி, தேரோட்டத்தையும் கடற்கரையில் வலை இழுப்பதையும் சின்னச் சின்னதாகப் படம் பிடிப்பார். பெரிய படத்துக்கு முன்னால் அதை ஓட்டுவோம். ஊர்ப்படம் என்று பெயர். தன் முகம் தெரியுமா என்று பார்க்கவே கூட்டம் வரும். மனிதருக்கு அது போதவில்லை. "தேரை எல்லாருக்கும் தெரியும். தேருக்குச் சாயம் பூசினவன் கையை எவன் பாத்தான்?" என்பார். கதை இல்லாமல், எழுத்து இல்லாமல், ஒரு கலைஞனின் கையையும் முகத்தையும் மட்டும் வைத்துப் படம் எடுக்க வேண்டும் என்பது அவருக்குப் பித்தாகப் பிடித்திருந்தது.

அப்படி அவர் தேர்ந்தெடுத்தது இரண்டு பேரை. பொன்னையா என்பவர் ஒரு நாடகக் கம்பெனியில் ஸ்திரீபார்ட், பெண் வேஷம் கட்டுகிற ஆண். மேடையில் அவர் சேலைத் தலைப்பை இழுத்து விட்டுக்கொண்டால் முன்வரிசைப் பெண்கள் தங்கள் தலைப்பைச் சரிசெய்துகொள்வார்கள். ஞானமுத்து அதே கம்பெனிக்குத் திரைச்சீலை எழுதுகிறவர். கருங்கல் பக்கத்துக்காரர், வாய் திறந்து அதிகம் பேசாதவர். நந்தவனம், அரண்மனை, காடு எல்லாம் அவர் கையில்தான் முளைத்தன. இருவரும் கோட்டாற்றில் ஒரு சின்ன ஓட்டு வீட்டில் பல வருஷங்களாகச் சேர்ந்து இருந்தார்கள்.

எப்படி இருந்தார்கள் என்று தெருவுக்கே தெரியும். யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. நம் ஊரில் ஒரு விஷயம் சொல்லப்படாத வரைக்கும் அதோடு வாழ்ந்துவிடலாம். ஒருவன் நாலு பேர் நடுவில் சொல்லிவிட்டால், கேட்ட நாலு பேரும் ஏதாவது செய்தே தீர வேண்டும். ஏற்கெனவே இப்படி ஒரு வீட்டை அவர்கள் இழந்திருந்தார்கள். குடிகாரன் ஒருவன் தெருவில் நின்று உளறினான். மறுவாரம் பெட்டியைத் தூக்க வேண்டியதாகிவிட்டது. இந்த வீட்டுக்காரர் அரிசிக் கடை வைத்திருந்தார். "ரெண்டு பேரும் கம்பெனி ஆளுவ" என்ற ஒரே வார்த்தையில் வீடு கொடுத்தவர். அதற்கு மேல் ஒரு வார்த்தை அவர் காதில் விழுந்தால் அந்த வீடும் இல்லை.

படப்பிடிப்பு அந்த வீட்டில்தான் நடந்தது. நானும் கூட இருந்தேன். ஞானமுத்துவின் தூரிகை திரைச்சீலையில் ஒரு இதழை எழுதும். அடுத்தது அதே கை, வேறொரு தூரிகை, பொன்னையாவின் புருவத்தை எழுதும். ஸ்டுடியோக்காரர் இப்படி மாற்றி மாற்றி ஒட்டியிருந்தார். எது துணி எது தோல் என்று பார்க்கிறவன் தடுமாறுவான். பிறகு ஞானமுத்து, வாழை நாரில் கட்டிய தோவாளைப் பிச்சிப் பூவை எடுத்துப் பொன்னையாவின் கொண்டையில் வைப்பார். கடைசியில் பொன்னையா எண்ணெய்க் கிண்ணத்தோடு உட்கார்ந்து, ஞானமுத்துவின் விரல் விரலாகச் சாயத்தைத் தேய்த்து எடுப்பார். அவ்வளவுதான் படம்.

முடிந்த படத்தை முதலில் நாங்கள் நாலு பேர் மட்டும் ஸ்டுடியோவில் கதவைச் சாத்திக்கொண்டு பார்த்தோம்.

"அந்தப் பூ வைக்கதை வெட்டிரலாம். நம்ம ஊருல எவன் எவளுக்குத் தலையில பூ வச்சுவிடுவான்னு பச்சப் பிள்ளைக்கும் தெரியும்" என்றேன்.

"வெட்டினா படமே இல்ல" என்றார் ஸ்டுடியோக்காரர்.

ஞானமுத்து தரையைப் பார்த்துக்கொண்டு, "ஆளுவ வேஷம் கட்டுகதுன்னு நெனச்சுக்கிடுவினும்" என்றார். குரலில் நம்பிக்கை இல்லை.

பொன்னையாதான் கடைசியாகப் பேசினார். "மேடையில எத்தனையோ ராஜா எனக்குப் பூ வச்சிருக்கான். ஒருத்தனுக்கும் எம் பேரு தெரியாது. அதுக்கெல்லாம் கைதட்டினாவ. இது ஒண்ணு நெசமா இருக்கு. இருக்கட்டு."

அதற்குமேல் நான் என்ன சொல்வது? மேக்கப் என்று சொல்லிச் சமாளித்துவிடலாம் என்று மனதுக்குள் வசனம் கட்டி வைத்துக்கொண்டேன். படத்தில் இன்னொன்று இருந்தது. நாங்கள் நாலு பேரும் அதைப் பார்த்தோம், ஒருவர் மூளையிலும் ஏறவில்லை. ஜன்னலுக்கு வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது.

கொட்டகையில் அந்தப் படத்தைப் போட்ட அன்று நல்ல கூட்டம். நடுவில் படுதா கட்டி ஒரு பக்கம் ஆண்கள், ஒரு பக்கம் பெண்கள். பொன்னையாவும் ஞானமுத்துவும் ஆண்கள் பக்கம் கடைசியில், ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருந்தார்கள். சேர்ந்து உட்காரக்கூடப் பயம். முன்னால் பெஞ்சில் அரிசிக் கடைக்காரர். ஊர்ப்படம் என்றால் தன் கடை வரும் என்று நினைத்து வந்திருப்பார் போல.

படம் ஓடியது. இதழும் புருவமும் மாறி மாறி வந்தபோது கூட்டம் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தது. நான் கட்டி வைத்த வசனத்தை எடுத்துவிட்டேன். "நம்ம ஊர் ஸ்திரீபார்ட் பொன்னையா மேடைக்கு ஒருங்குகிறார்! அரிதாரம் பூசுகிறார்!" கைதட்டல். பூவை எடுக்கிற காட்சி வந்தது.

அரிசிக் கடைக்காரர் எழுந்து நின்றார். சண்டைக்கு எழுந்தவர் இல்லை. கணக்கு உதைக்கிறதே என்று யோசிக்கிற வியாபாரியின் முகம்.

"ஏய், பிரம்புக்காரரே! படத்துல ஜன்னலுக்கு வெளியில மழையில்லா பெய்யுது. மழைக்காலத்துல கம்பெனி பூட்டித்தானே கிடக்கும்? நாடகம் இல்லாத நாளுல இவன் யாருக்கு வேண்டிப் பூ வச்சான்?"

நாடகக் கொட்டகைக்கு ஓலைக் கூரை. இந்தப் பக்கத்தில் மழை மாதங்களில் எந்தக் கம்பெனியும் நாடகம் போடுவதில்லை என்பது மாடு மேய்க்கிறவனுக்கும் தெரியும். மேக்கப் என்ற என் பொய் அந்த நிமிஷமே செத்தது. கூட்டம் முழுவதும் என்னைத் திரும்பிப் பார்த்தது. யாரோ ஒருவன் கெக்கலித்தான். இன்னொருவன் விசில் அடித்தான்.

உங்களுக்கு ஒரு நெருக்கடி என்றால் திருப்பிப் பதிவு செய்யலாம். எனக்கு அது கிடையாது. படம் ஓடிக்கொண்டே இருந்தது. கையால் சுற்றுகிற மிஷின். சுற்றுவதை நிறுத்தினால் விளக்குச் சூட்டில் படச்சுருள் பற்றிக்கொள்ளும். அதனால்தான் திடீரென்று படத்தின் ஓட்டம் தளர்ந்தபோது மிஷின் பக்கம் திரும்பிப் பார்த்தேன். பூ வைக்கிற கை திரையில் மெதுவாகி, நடுங்கியது. ஸ்டுடியோக்காரர் என்னிடம் கேட்கிறார் என்று புரிந்தது. எரியவிட்டுவிடவா? ஒரே பிரதி. எரிந்தால் கேள்வியும் அதோடு எரிந்துவிடும். எங்களுக்குள் ஒரு அடையாளம் உண்டு: பிரம்பால் திரையின் மரச்சட்டத்தில் ஒரு தட்டுத் தட்டினால் நிறுத்து, இரண்டு தட்டினால் ஓட்டு.

என் வாயில் மூன்று பதில் வந்து நின்றன. ஒன்று, "அண்ணன் தம்பிக்குள்ள விளையாட்டு." பொய். அவர்களை அவர்கள் முன்னாலேயே துடைத்து எறிகிற பொய். இரண்டாவது, ஒரு கேலி. அதுதான் நாக்கு நுனியில் இருந்தது. என் பிழைப்பே கேலிதான். ஒரு வார்த்தை போதும், கொட்டகை விழுந்து விழுந்து சிரித்திருக்கும். நானும் தப்பித்திருப்பேன். அவர்கள் அந்தத் தெருவில் மறுபடி நடக்கவே முடிந்திருக்காது. மூன்றாவது, உண்மை. அதைச் சொல்லும் உரிமையை எனக்கு யார் கொடுத்தது?

பயத்தில் திரையைத்தான் பார்த்தேன். அப்போது கண்ணில் பட்டது, காட்சியின் மூலையில் ஒரு மண்சட்டி. கூரை ஒழுகி அதில் சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது. படம் எடுக்கும்போது நான்தான் அதில் கால் இடறினேன்.

இரண்டு தட்டு தட்டினேன். பிரம்பை அந்தச் சட்டிமேல் வைத்தேன். பதில் சொல்லவில்லை. படத்தில் இருந்த இரண்டு பேருக்கும் குரல் கொடுத்தேன்.

ஞானமுத்துவுக்குக் கனத்த குரல்: "பூ இன்னைக்குக் கொஞ்சம் கசங்கிட்டு. தோவாளையிலயும் மழைதான் போல."

பொன்னையாவுக்கு அவர் குரல். மேடைக் குரல் வேண்டாம் என்று வீட்டில் கேட்ட குரலையே எடுத்தேன். "கசங்கினா என்ன? மணம் இருக்குல்லா."

"சட்டி நெறஞ்சிரும் போல இருக்கே."

"இப்பத்தானே கொட்டிட்டு வச்சது."

"வீட்டுக்காரர்கிட்ட சொல்லியாச்சா?"

"சொல்லியாச்சு. மழை நிக்கட்டும், ஓடு மாத்திரலாம்னு சொன்னாவ."

"மழை நின்னா பொறவு ஓடு எதுக்கு?"

படுதாவுக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு பெண்ணின் குரல் கணீரென்று வந்தது. "எங்க வீட்டுலயும் இதே பதில்தான் சொல்லிக்கிட்டு இருக்காவ! அரிசிக் கடையில போயி ஒருக்கா கேட்டுப் பாருங்கோ!"

கொட்டகை சிரிப்பில் வெடித்தது. அரிசிக் கடைக்காரருக்கு அந்த ஊரில் நிறைய ஓட்டு வீடுகள் உண்டு, எல்லாம் ஒழுகும். சிரிப்பெல்லாம் அவர் தலையில் விழுந்தது. அவர் சட்டென்று உட்கார்ந்துவிட்டார்.

இப்போது ஒன்றைக் கவனியுங்கள். நான் பேசிய வசனத்தில் 'அண்ணே' இல்லை. 'ஓய்' இல்லை, 'மக்கா' இல்லை. பெயர் இல்லை. நீ, நீர் என்றுகூட வரவில்லை. நம் ஊரில் கூட்டாளிகள் பேசினால் வாக்கியத்துக்கு ஒரு மக்கா விழும். அண்ணன் தம்பி என்றால் முறை சொல்லாமல் பேச்சே எடுக்க மாட்டார்கள். ஒருவரை ஒருவர் எதுவும் சொல்லிக் கூப்பிடாமல், பூவையும் சட்டியையும் ஓட்டையும் பற்றி மட்டும் பேசிக்கொள்கிற இரண்டு பேர் யார் என்று அங்கே உட்கார்ந்திருந்த எல்லோருக்கும் தெரியும். அவரவர் அம்மாவும் அப்பாவும் அப்படித்தான் பேசிக்கொண்டார்கள். கேட்க விரும்பினவன் கேட்டுக்கொண்டான். விரும்பாதவனுக்கு ஒழுகுகிற கூரை இருந்தது. நான் எதையும் சொல்லவில்லை, பொய்யும் சொல்லவில்லை.

எண்ணெய் தேய்க்கிற காட்சி வந்தது. அங்கே நான் பேசவில்லை. பேச வரவில்லை என்பதே சரி. பொன்னையா ஞானமுத்துவின் சுண்டுவிரலைப் பிடித்து நகக்கண்ணில் இருந்த பச்சைச் சாயத்தை எடுத்துக்கொண்டிருந்தார். மிஷின் சுற்றுகிற சத்தம் மட்டும் கேட்டது. ஒருவரும் விசில் அடிக்கவில்லை.

பெரிய படம் தொடங்குமுன் அரிசிக் கடைக்காரர் எழுந்து போய்விட்டார். துண்டை உதறித் தோளில் போட்ட விதம் எனக்குப் பிடிக்கவில்லை. கடைசி மூலையைப் பார்த்தேன். இரண்டு பேரும் அங்கே இல்லை.

அதற்குப் பிறகு வந்த நாட்களில் எனக்குச் சோறு இறங்கவில்லை. நாலு பேர் நடுவில் ஒரு பணக்காரனைப் பார்த்து ஊரைச் சிரிக்க வைத்திருக்கிறேன். அந்தக் கோபத்தை அவர் யார்மேல் காட்டுவார்? ஸ்டுடியோக்காரர் வேறு என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டேன்.

"வீட்டைக் காப்பாத்தினியோ என்னமோ. படத்தைக் கொன்னுட்டே" என்றார். "வாய் இல்லாத படம்ல அது? அதுல கொண்டு சட்டியையும் ஓட்டையும் போட்டே. இனி எவனாவது அந்தக் கையைப் பாப்பானா? சட்டியைத்தான் பாப்பான்."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். பொன்னையா சேலைகளை மடித்துப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். ஞானமுத்து எழுதி முடிக்காத திரைச்சீலையைச் சுருட்டிக் கட்டி வைத்திருந்தார். "போகச் சொல்லுகதுக்கு முந்தி நாமளே ஒருங்கி இருந்தா ஒரு மரியாதையில்லா" என்றார். என்னால் அங்கே நிற்க முடியவில்லை. திரும்பலாம் என்று நினைக்கும்போது வாசலில் செருப்புச் சத்தம். அரிசிக் கடைக்காரர்.

உள்ளே வந்தார். திறந்து கிடந்த பெட்டியைப் பார்க்கவில்லை. பொன்னையா வேஷம் கட்டுகிற கண்ணாடியையும் பார்க்கவில்லை. நேராகக் கூரையைப் பார்த்தார்.

"எந்த இடத்துல ஒழுகுது?"

நான்தான் கையைக் காட்டினேன்.

"ஓட்டுக்காரன் நாளைக்கு வருவான்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "எனக்குக் கண்ணு மங்கல். கொட்டகையில என்னத்த ஓட்டினியோ, ஒண்ணும் சரியாத் தெரியல்ல. காதுதான் கேட்டுது. அந்தப் படம் இனி இந்த ஊருல ஓடப்பிடாது, கேட்டியா? இன்னொரு மட்டம் ஓடினா என் கண்ணு தெரிஞ்சு போகும்."

சொல்லிவிட்டுப் போய்விட்டார். பொன்னையா பெட்டிமேல் அப்படியே உட்கார்ந்து அழுதார். சந்தோஷமா, வேறு எதுவுமா என்று எனக்குத் தெரியாது. வீடு தங்கியது, படம் போனது. ஞானமுத்து சுருட்டின திரைச்சீலையைப் பிரித்து மறுபடி ஆணியில் மாட்டினார்.

அந்தப் படம் இன்னும் ஒரே ஒரு முறை ஓடியது. அடுத்த மழைக்காலத்தில், ஒரு மத்தியானம், அந்த வீட்டுக்குள்ளேயே. கதவைச் சாத்திவிட்டு, ஞானமுத்து எழுதிய நந்தவனத் திரையைத் திருப்பிப் போட்டு அதன் வெள்ளை முதுகில் ஓட்டினோம். ஸ்டுடியோக்காரர் சுற்றினார். புது ஓட்டின்மேல் மழை அடித்துக்கொண்டிருந்தது. உள்ளே ஒரு சொட்டு இல்லை. அந்த இரண்டு பேரும் ஒரே பாயில் உட்கார்ந்திருந்தார்கள். நான் பழக்கத்தில் பிரம்போடு திரைக்குப் பக்கத்தில் போய் நின்றேன். பூ வைக்கிற காட்சி வந்ததும் தொண்டையைக் கனைத்தேன்.

"நீரு இரியும்" என்றார் பொன்னையா. "இதுக்கு நான் பேசுதேன்."

உட்கார்ந்தேன். திரையில் அந்தக் கை பூவைக் கொண்டையில் வைத்தது. பொன்னையா திரையைப் பார்த்தபடி ஒரே ஒரு வார்த்தை சொன்னார். நான் கொட்டகையில் விட்டுவிட்ட வார்த்தை. வீட்டுக்குள் ஞானமுத்துவை அவர் கூப்பிடுகிற வார்த்தை. பாயில் இருந்தபடி ஞானமுத்து, "என்ன?" என்றார்.

என்ன வார்த்தை என்று கேட்கத்தான் நினைக்கிறீர்கள். கொட்டகையில் எவன் எதைக் கேட்டாலும் நின்ற இடத்தில் பதில் சொன்னவன் நான். இதற்குச் சொல்ல மாட்டேன்.